ஊசி போட்ட மூன்றாம் மணி

எனக்கு எலிகளைப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் செய்த வேலையைக் கேட்டவுடன் எல்லோரும் நேர்மாறாக நினைத்துக்கொள்கிறார்கள். பிறந்து ஒரு நாளான எலிக்குட்டி என் சுண்டுவிரலைவிடச் சின்னது. உடம்பில் ரோமம் இருக்காது, கண் மூடியிருக்கும். தோல் அவ்வளவு மெலிசு என்பதால், பால் குடித்திருந்தால் வயிற்றில் வெள்ளையாக ஒரு பட்டை வெளியே தெரியும். அந்தப் பட்டையைப் பார்த்தே குட்டி தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவேன். பதினாறு வருஷமாகச் சொல்லி வந்திருக்கிறேன். ஒரு தடவையும் தப்பியதில்லை.

நீங்கள் எலிகளைப் பற்றிக் கேட்கவில்லை, ஏழு குழந்தைகளைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று தெரியும். அந்த ஏழில் ஒருவன் என் அக்கா மகளின் பிள்ளை. எனக்குப் பேரன் முறை. இரண்டாம் எண் படுக்கை. அவன் நன்றாக இருக்கிறான். எடை கூடியிருக்கிறது, இடது சிறுநீரகம் வேலை செய்கிறது. அவன் நன்றாக இருப்பதால்தான் என்னை விசாரணைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறீர்கள். அவனும் மற்றவர்களைப் போல ஆகியிருந்தால் என்னை யாரும் தேடியிருக்க மாட்டார்கள். இதை நீங்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

வரிசையாகச் சொல்கிறேன். நடுவில் நிறுத்தாதீர்கள். என்னை ஒரு விஷயத்தை முழுதாகப் பேசவிட்டவர்கள் குறைவு.

சில குழந்தைகள் பிறக்கும்போதே சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயில் அடைப்போடு பிறக்கின்றன. சிறுநீர் கீழே இறங்காமல் மேலேயே தேங்கி, சிறுநீரகம் பலூன் மாதிரி உப்பி, உள்ளே இருக்கும் செல்கள் ஒவ்வொன்றாகச் சாகும். புதிதாகப் பிறந்த எலிக்குட்டியின் சிறுநீரகம் முழுதாக வளர்ந்திருக்காது. தாய் வயிற்றுக்குள் இருக்கும் மனிதக் குழந்தையின் சிறுநீரகம் எந்த நிலையில் இருக்குமோ அந்த நிலையில்தான் இருக்கும். அதனால் ஆராய்ச்சிக்கு எலிக்குட்டி. பிறந்த மறுநாள் அதை மயக்கி, இடது பக்கம் ஓர் அரிசி நீளத்துக்குக் கீறி, தலைமுடி மாதிரி இருக்கும் அந்தக் குழாயில் நூலால் முடிச்சுப் போட வேண்டும். போடுவது நான். ஆய்வுக்கூடத்தில் எனக்குப் பெயரே 'முடிச்சு'தான். வெளியூரிலிருந்து வரும் விஞ்ஞானிகள்கூட என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பாராட்டிவிட்டுத்தான் போவார்கள்.

முடிச்சுப் போட்ட மறுநாளிலிருந்து தினமும் காலை பத்து மணிக்கு ஊசி. பாதிக் குட்டிகளுக்கு வளர்ச்சிக் காரணி, மறுபாதிக்கு வெறும் உப்புத் தண்ணீர். வளர்ச்சிக் காரணி என்றால் பெரிய ரசாயனம் ஒன்றும் இல்லை, உடம்பு தானே சுரக்கும் ஒரு புரதம். செல்லைப் பார்த்து 'சாகாதே, வளரு' என்று சொல்லும். அடைபட்ட சிறுநீரகத்தில் அது வற்றிப்போகிறது. வெளியிலிருந்து கொடுத்தால் காப்பாற்றலாமா என்பது எங்கள் பேராசிரியர் அம்மாவின் கேள்வி. நல்ல கேள்வி. இன்றைக்கும் சொல்கிறேன், நல்ல கேள்வி.

எந்தப் புட்டியில் மருந்து, எதில் உப்புத் தண்ணீர் என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். ஒன்று, இரண்டு என்று எண் ஒட்டி வரும். எலிக்குட்டி சாதாரணமாகப் பதினான்காம் நாள் கண் திறக்கும். பின்னால் அத்தனை நாள் வளரவிட்டபோது, இரண்டாம் புட்டிக் குட்டிகள் எட்டாம் நாளே திறந்துகொண்டன. கூண்டு கழுவ வரும் அம்மாளுக்கே அது புரிந்துவிட்டது.

"என்ன முடிச்சு, ஒன்னோட குட்டிங்க மட்டும் இவ்ளோ சீக்கிரம் முழிச்சுப் பாக்குதுங்க?" என்றாள் ஒரு நாள். "இந்த ரூமுக்குள்ள அப்படி என்ன அதிசயம் இருக்குன்னு பாக்க அவசரம்?"

அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். ரகசியம் என்று பேராசிரியர் பூட்டி வைத்தது இப்படித்தான் இருந்தது.

இப்போது தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாம் அந்தத் தாளில்தான் ஆரம்பித்தது. தினமும் ஒவ்வொரு கூண்டுக்கும் ஒரு தாள் நிரப்ப வேண்டும். எத்தனை குட்டி, என்ன எடை, எத்தனை இறப்பு. இறப்புக்கு மூன்று கட்டம். அறுவையால். தாய் தின்றது. பிற. இந்த மூன்றுக்கும் மேல் ஒரு குட்டி சாவதற்கு வேறு வழி கிடையாது என்று யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து முடிவு செய்திருந்தார்கள்.

ஒவ்வொரு தொகுதியிலும் அறுபத்து நான்கு குட்டிகள். முதல் தொகுதியில் மூன்றாம் நாள் மத்தியானம் ஐந்து குட்டிகள் செத்துக் கிடந்தன. ஐந்தும் இரண்டாம் புட்டி. காலையில் ஐந்தின் வயிற்றிலும் வெள்ளைப் பட்டையைப் பார்த்திருந்தேன். காயம் சுத்தமாக இருந்தது. அதனால் நேர்மையாக, 'பிற' என்ற கட்டத்தில் ஐந்து என்று எழுதினேன்.

பேராசிரியர் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

"இது என்ன, பிற? பிறன்னா என்ன அர்த்தம்?"

"தெரியலைன்னு அர்த்தம் மேடம். காலையில நல்லாப் பால் குடிச்சுதுங்க. ஒரு மணிக்குப் போய்ப் பாத்தா இல்ல."

"தெரியலைன்னு எழுதறதுக்கு எனக்கு ஆள் வேணுமா? உங்க கை நடுங்கியிருக்கும். வயசாகுதில்ல."

"எல்லாமே ரெண்டாம் புட்டி மேடம். மருந்துல ஏதாவது—"

"எந்தப் புட்டின்னு நீங்க பாக்கவே கூடாது. அதைப் பத்தி எங்கிட்டப் பேசவும் கூடாது. இதைப் பேசினதுக்கே இந்தத் தொகுதி செல்லாது. மொத்தத்தையும் முடிச்சிடுங்க. முதல்லேருந்து ஆரம்பிங்க."

மொத்தத்தையும் முடிச்சிடுங்க என்றால் மீதி ஐம்பத்தொன்பதையும் கொல்வது என்று அர்த்தம். அதைச் செய்வதும் நான்தான். செய்தேன். தாய் எலிகள் அடுத்த நாள் முழுக்கக் கூண்டின் மூலைகளைத் தோண்டிக்கொண்டிருந்தன.

இரண்டாவது தொகுதியில் நான்கு செத்தன. மறுபடி 'பிற'. மறுபடி மொத்தத்தையும் முடித்தோம். மூன்றாவது தொகுதியில் ஆறு. இந்த முறை எனக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை வந்தது. 'கைத்திறன் குறைபாடு' என்று அதில் இருந்தது. என் அலமாரியில் இன்னும் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். பதினாறு வருஷத்தில் ஆயிரக்கணக்கான முடிச்சுகள். ஒன்றும் நழுவியதில்லை. உண்மையை எழுதியதற்கு மூன்று தடவை என் கையைக் குற்றம் சொன்னார்கள். நூற்று எழுபத்தேழு நல்ல குட்டிகள் சும்மா செத்தன. கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் தொகுதியில் மூன்றாம் நாள் நான்கு குட்டிகள் செத்துக் கிடந்தபோது, அவற்றைக் குப்பையோடு எரிக்கும் பையில் போட்டேன். தாளில் 'தாய் தின்றது' என்ற கட்டத்தில் நான்கு என்று எழுதினேன்.

எலித் தாய் குட்டியைத் தின்பது அதிசயமில்லை. மருந்து வாசனை இருந்தால் தின்னும், பயந்தால் தின்னும். உடல் மிஞ்சாது, யாரும் அறுத்துப் பார்க்க முடியாது. எலித் தாய்க்கு யாரும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்புவதில்லை. பேராசிரியர் தாளைப் பார்த்தார், தலையை ஆட்டினார், அடுத்த கூண்டுக்குப் போய்விட்டார். அவ்வளவு சுலபம். மூன்று தொகுதிகளுக்கு முன்பே எனக்கு இது தோன்றாமல் போயிற்றே என்றுதான் அன்று வருத்தமாக இருந்தது.

ஆனால் சாவை மறைப்பது மட்டும் என் குணம் இல்லை. ஏன் சாகின்றன என்று தெரிய வேண்டியிருந்தது. ஊசி போட்டபின் கூண்டுகளுக்கு முன்னாலேயே உட்கார்ந்து கவனித்தேன். முதல் மணி ஒன்றுமில்லை. இரண்டாம் மணி ஒன்றுமில்லை. மூன்றாம் மணியில் இரண்டாம் புட்டிக் குட்டி ஒன்று தாயின் மடியிலிருந்து வாயை எடுத்தது. கூட்டத்தை விட்டு உருண்டு வெளியே வந்தது. தொட்டால் சில்லென்று இருந்தது. பின்னங்கால் லேசாக வெட்டி வெட்டி இழுத்தது.

அப்போது என் கையில் டீ கிளாஸ் இருந்தது. விலங்கு அறைக்குள் தின்பதும் குடிப்பதும் கூடாது, அது விதி. ஆனால் மூன்று மணிநேரம் ஒருவன் எப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பான்? குட்டியைக் கையில் எடுத்தபோது விரலில் ஒட்டியிருந்த டீ அதன் வாயில் பட்டது. நக்கியது. நான் சர்க்கரை தூக்கலாகக் குடிப்பவன். இன்னொரு சொட்டு வைத்தேன். பத்து நிமிஷத்தில் கால் இழுப்பது நின்றது. தாயிடம் விட்டேன். போய்ப் பற்றிக்கொண்டது.

மறுநாளிலிருந்து சுத்தமான சர்க்கரைத் தண்ணீர், மூன்றாம் மணியில், இரண்டாம் புட்டிக் குட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு. அதற்குப் பிறகு ஒன்றுகூடச் சாகவில்லை. மருந்து ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைக் கீழே தள்ளிவிடுகிறது, கொஞ்ச நேரத்துக்கு மட்டும். அதைத் தாண்டிவிட்டால் பயமில்லை. எந்த டாக்டர் பட்டமும் இல்லாத நான் கண்டுபிடித்தது இது.

ஏன் எழுதவில்லை என்கிறீர்கள். எங்கே எழுதுவது? தாளில் அதற்குக் கட்டம் இல்லை. சர்க்கரைத் தண்ணீர் என்று எழுதினால் ஏன் என்பார்கள். ஏன் என்று சொன்னால் 'தாய் தின்றது' நான்கும் பொய் என்று ஆகும். டீ கிளாஸும் வெளியே வரும். எல்லாவற்றுக்கும் மேல், மொத்தத்தையும் முடிச்சிடுங்க என்பார்கள். அறுபது குட்டிகள் என் கையால் பிழைத்திருந்தன. அவற்றை மறுபடி என் கையாலேயே கொல்ல எனக்கு மனமில்லை. இது உங்களுக்குப் புரியும் என்று எதிர்பார்க்கிறேன்.

இருபத்தோராம் நாள் சிறுநீரகங்களை எடுத்துப் பார்த்தார்கள். உப்புத் தண்ணீர்க் குட்டிகளுக்கு உள்ளே ஓட்டையும் தழும்புமாக, பழைய பஞ்சு மாதிரி இருந்தது. மருந்துக் குட்டிகளுக்கு முக்கால்வாசி நல்ல சிறுநீரகம். பேராசிரியர் நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுக்கவே இல்லை. எடுத்தபோது கண் கலங்கியிருந்தது. "முடிச்சு, உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும்," என்றார். அதே கைதான். எச்சரிக்கைக் கடிதத்தைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அப்புறம் பன்றிக்குட்டிகளில் செய்து பார்த்தார்கள். அங்கேயும் ஊசி போடுவதும் தாள் நிரப்புவதும் என் பொறுப்பு. பன்றிக்குட்டி இன்னும் சுலபம், சர்க்கரைத் தண்ணீரைப் புட்டியில் கொடுத்தால் தானே உறிஞ்சிக்கொள்ளும். ஒன்றும் சாகவில்லை. மருந்தை மனிதருக்குக் கொடுக்கலாமா என்று முடிவு செய்யும் குழுவுக்கு என் தாள்கள் போயின. குழு கையெழுத்துப் போட்டது. குழந்தைகளுக்கு எத்தனை மணிக்கு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று ஓர் அட்டவணை தயாரித்தார்கள். காலையில் ஒரு தடவை, ஊசிக்கு முன் ஒரு தடவை. அந்த அட்டவணை என் தாள்களை வைத்து எழுதப்பட்டது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

என் அக்கா மகளுக்கு ஏழாம் மாதத்தில் எடுத்த ஸ்கேனில் பிள்ளையின் இடது சிறுநீரகம் வீங்கியிருப்பது தெரிந்தது. பிறந்தபின் உறுதியானது: குழாயில் அடைப்பு. சில வாரம் கழித்து அறுவை செய்யலாம், அதற்குள் சிறுநீரகம் எவ்வளவு கெடும் என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். புது மருந்து ஒன்று பரிசோதனையில் இருக்கிறது, பத்து நாள் ஊசி, விருப்பம் இருந்தால் சேரலாம் என்றும் சொன்னார். அது எங்கள் மருந்து.

மருத்துவமனை நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தச் சம்மதப் படிவம். பக்கத்தில் என் அக்கா, எதிரே சுவரில் சாய்ந்தபடி மாப்பிள்ளை.

"மாமா, நீங்க சொல்லுங்க. சேக்கலாமா வேணாமா?" என்றாள்.

"அவன்கிட்ட என்னடி கேக்கறது? எலிக்கு ஊசி போடறவன்," என்றாள் அக்கா.

"அதனாலதாம்மா கேக்கறேன். இந்த மருந்தைப் பக்கத்துல இருந்து பாத்தது மாமா மட்டும்தான். டாக்டருங்க எல்லாம் பேப்பரைப் பாத்துதான் பேசறாங்க. மாமா, ஒண்ணும் ஆகாதில்ல?"

மாப்பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு என்மேல் எப்போதும் பெரிய நம்பிக்கை கிடையாது.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஏன் வேண்டாம் என்பாள். அவள் சின்ன வயதிலிருந்தே ஒரு 'ஏன்'னோடு விடமாட்டாள், பத்து கேட்பாள். யோசித்துப் பார்த்தேன். மருந்து நல்ல மருந்து. சிறுநீரகத்தைக் காக்கும். ஒரே ஓர் ஆபத்து, அதற்கும் வழி என்னிடம் இருந்தது. உலகத்திலேயே அந்த மருந்தைப் பயமில்லாமல் போட்டுக்கொள்ளக்கூடிய ஒரே குழந்தை இவன்தான், ஏனென்றால் இவனுக்குத்தான் நான் இருந்தேன்.

"ஒண்ணும் ஆகாதும்மா. நான் பாத்துக்கறேன்," என்றேன்.

அவள் கையெழுத்துப் போட்டாள்.

பத்து மணிக்கு ஊசி. ஆய்வுக்கூடத்திலிருந்து மருத்துவமனைக்குக் கால்மணி நேர நடை. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் தினமும் போனேன். கண்ணுக்கு மருந்து விடும் சின்னப் புட்டி ஒன்றைக் கொதிக்க வைத்துக் கழுவி, அதில் சர்க்கரைத் தண்ணீர். பன்றிக்குட்டியின் எடையை வைத்துக் கணக்குப் போட்டு அளவு வைத்துக்கொண்டேன். பையனை வாங்கி, வாயைத் துடைப்பது மாதிரி துணிக்குள் புட்டியை மறைத்துச் சொட்டுச் சொட்டாக விடுவேன். சப்புக்கொட்டுவான். கன்னத்தில் ஒரு பக்கம் மட்டும் குழி விழும்.

"தாத்தாவுக்குப் பேரன் மேல பாசம் பொத்துக்கிட்டு வருது," என்று நர்ஸ் பெண் கேலி செய்தாள். "டூட்டிக்குக்கூட இவ்ளோ கரெக்டா வர மாட்டாங்க."

அந்த அறையில் ஏழு படுக்கைகள் இரண்டு வரிசையாக இருந்தன. நான்காம் எண் குழந்தையின் அப்பா முதல் ஊசி போட்ட மறுநாளே கத்தி ரகளை செய்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எல்லோரும் அவரை முரடர் என்றார்கள். மீதி ஆறு.

ஐந்தாம் எண் நான்காம் நாள் மத்தியானம் போய்விட்டது. நான் வந்தபோது அந்தப் படுக்கை காலியாக இருந்தது, விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ரத்தத்தில் தொற்று இருந்திருக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். நான் இரண்டாம் படுக்கைக்குப் போய் என் வேலையைச் செய்தேன்.

மூன்றாம் எண் எங்களுக்கு அடுத்த படுக்கை. பெண் குழந்தை. அம்மா தையல் வேலை செய்பவள் போலிருக்கிறது, விரல் நுனியெல்லாம் ஊசித் தழும்பு. ஆறாம் நாள் ஒரு மணிக்கு நான் பையனைக் கையில் வைத்திருந்தபோது, அந்தக் குழந்தை அம்மாவின் மார்பிலிருந்து வாயை எடுத்தது. காலைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த இழுப்புதான்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. உங்க பையன் மட்டும் தினமும் இந்நேரத்துக்கு இவ்ளோ தெம்பா இருக்கான். எம் பொண்ணு மத்தியானம் ஆனா வாடிப்போயிடறா. அப்படி என்னய்யா பண்றீங்க? சொன்னா நானும் பண்ணுவேன்ல."

புட்டியில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அதை அந்தக் குழந்தையின் வாயில் விட்டிருந்தால் அவள் பார்த்திருப்பாள். என்ன அது என்று கேட்டிருப்பாள். அப்புறம் நர்ஸ், அப்புறம் டாக்டர், அப்புறம் பேராசிரியர், அப்புறம் அந்த நான்கு குட்டிகள். நூலின் ஒரு நுனியை இழுத்தால் முழுதும் பிரியும். நூல் எனக்குத் தெரியும்.

"எல்லாம் தாய்ப்பால்தாம்மா," என்றேன். "அம்மா நல்லாச் சாப்பிட்டாத்தான் பால்ல சத்து இருக்கும். நீங்க சரியாச் சாப்பிடறீங்களா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "இல்லைங்கய்யா. எறங்கவே மாட்டேங்குது," என்றாள்.

"அப்ப அதான்," என்றேன்.

அந்தக் குழந்தை இரண்டு மணிக்கு இறந்தது. நான் அப்போது அறையில் இல்லை, இடைவேளை முடிந்துவிட்டது. மறுநாள் ஏழாம் எண். ஒன்றாம் எண்ணுக்கும் ஆறாம் எண்ணுக்கும் வலிப்பு வந்தது. இரண்டும் உயிரோடு இருக்கின்றன, ஆனால் எதைக் காட்டினாலும் கண் ஒரே பக்கமாகத்தான் போகிறது என்று கேள்விப்பட்டேன்.

ஊசியை ஏன் நிறுத்தவில்லை என்று மருத்துவர்களை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்றும் எனக்குத் தெரியும், ஏனென்றால் ஏழாம் நாள் அந்தப் பேச்சு நடந்தபோது நான் பையனோடு அங்கே நின்றிருந்தேன். பெரிய டாக்டர் சின்ன டாக்டர்களிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"மருந்துன்னு சொல்ல முடியாது. ரெண்டாம் நம்பரைப் பாருங்க. அதே மருந்து, அதே அளவு, அதே நேரம். ஜம்முனு இருக்கான். எலியில இல்லை, பன்றியில இல்லை. இந்த வார்டுல ஏதோ கிருமி. தண்ணியைச் சோதிங்க, ஏ.சி.யைச் சோதிங்க."

தண்ணீரையும் ஏ.சி.யையும் சோதித்தார்கள். எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்தது என்று சொல்லி மாளாது. இவ்வளவு படித்தவர்கள் இத்தனை பேர் நின்றுகொண்டு, மூன்றாம் மணியில் குதிகாலில் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அட்டவணையில் இல்லையாம். அட்டவணையில் இருப்பதைத்தான் செய்வார்கள். தாளில் இருப்பதைத்தான் நம்புவார்கள். எங்கள் பேராசிரியரும் இப்படித்தான், எல்லோரும் இப்படித்தான். நான் சாதாரண ஆள், டீ கிளாஸோடு உட்கார்ந்து பார்த்தேன், கண்டுபிடித்தேன். அவர்களால் முடியாதா?

எட்டாம் நாள் ஆய்வுக்கூடத்துக்குப் பார்வையிட மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். பன்றி அறையை நான்தான் காட்ட வேண்டும், பதினொன்று முதல் மூன்று வரை நகரக் கூடாது என்றார் பேராசிரியர். காலையிலேயே மருத்துவமனைக்கு ஓடினேன். அக்கா மகளைத் தனியாகக் கூப்பிட்டுப் புட்டியைக் கையில் கொடுத்தேன்.

"ஒரு மணிக்கு இதைச் சொட்டுச் சொட்டா வாயில விடு. மறந்துடாதே. நர்ஸுக்குத் தெரிய வேணாம்."

"என்ன மாமா இது?"

"சர்க்கரைத் தண்ணி. வேற ஒண்ணும் இல்ல."

"எதுக்கு?"

"விடுன்னா விடேன்."

"தெனமும் இதைத்தான் குடுத்தீங்களா?"

நான் மணியைப் பார்த்தேன். அவள் மூன்றாம் படுக்கையைத் திரும்பிப் பார்த்தாள். அதில் யாரும் இல்லை. பிறகு என்னைப் பார்த்தாள். "குடுக்கலைன்னா என்ன ஆகும் மாமா?" என்று கேட்டாள். பத்து கேட்பாள் என்று நினைத்திருந்தேன். அதோடு நிறுத்திக்கொண்டாள். எனக்கு நேரமாகிவிட்டது, கிளம்பிவிட்டேன்.

ஒரு மணிக்கு அவள் பையனுக்குச் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, புட்டியை எடுத்துக்கொண்டு நேராகப் பெரிய டாக்டரிடம் போனாள். அன்றைக்கே எல்லாக் குழந்தைக்கும் ரத்தம் எடுத்தார்கள், அன்றைக்கே ஊசியை நிறுத்தினார்கள். அது உங்களுக்குத் தெரிந்த கதை. அவள் இப்போது என்னைப் பார்ப்பதில்லை. பையனைப் பார்க்கப் போனேன். மாப்பிள்ளை கதவைத் திறக்கவில்லை. அக்கா உள்ளேயிருந்தே, "போயிடு, எங்க கண்ணு முன்னால நிக்காதே," என்றாள். அவன் உயிரோடு இருப்பது யாரால் என்று அந்த வீட்டில் ஒருவரும் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கவில்லை.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். வார்த்தை மாற்றாமல் எழுதுங்கள். மருந்து மூன்றாம் மணியில் கொல்லும் என்று எனக்குத் தெரியும். எதைக் கொடுத்தால் பிழைக்கும் என்றும் தெரியும். அது என் சட்டைப் பையில் இருந்தது. மூன்று குழந்தைகள் சாகும்வரை ஒன்றுக்குக் கொடுத்தேன், மற்றவற்றுக்குக் கொடுக்கவில்லை. அந்த ஒன்று பிழைத்ததைக் காட்டித்தான் மற்றவற்றுக்கு ஊசி தொடர்ந்து போட்டார்கள் என்பதும், அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்ததால், எனக்குத் தெரியும்.

வருத்தம் உண்டா என்று கேட்கிறீர்கள். உண்டு. தினம் அதே நினைப்புதான். பன்றி அறையைக் காட்ட வேறு ஆளா இல்லை? வயிற்றுவலி என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு, எட்டாம் நாள் நான் விடுப்பு எடுத்திருக்க வேண்டும்.